காப்பார்: கட்டைக் கல்லும் தோட்டப் பெயரும்



வடகிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் நோக்கிப் போகும் பெருஞ்சாலையில் ஏறக்குறையப் பத்துக் கட்டை போனால் வருவது காப்பார். வழியெல்லாம் நாலாம் கட்டை, ஐந்தாம் கட்டை என்று கட்டைக் கணக்கே ஊர்ப்பெயராக இருக்கும். நாட்டில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், "நாலாங் கட்டையிலே இறக்கிவிடுங்க" என்று சொல்வதை நம் மக்கள் விடவில்லை. அந்தக் காப்பாரின் வரலாற்றைத்தான் இன்று பேசப் போகிறோம்.

"காப்பாருக்கு என்ன ஐயா வரலாறு? அங்கே கோட்டையா, கோபுரமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இங்கிலாந்து நாட்டில் ஒரு பெரிய கிராமத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தவருக்கு வேலை எளிது. ஊர் நடுவே பழைய கல் தேவாலயம் ஒன்று நிற்கும். அதைச் சுற்றிலும் கல்லறைகள், சற்றுத் தள்ளி ஊர்ப் பொதுப் புல்வெளி, நிலக்கிழாரின் மாளிகை. போதாததற்கு, பிறந்தவர்க்குத் திருமுழுக்கு, மணந்தவர்க்குத் திருமணம், இறந்தவர்க்கு அடக்கம் ஆகிய மூன்றையும் தேவாலயத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1538-ஆம் ஆண்டிலேயே, உத்தரவு பிறந்துவிட்டது. ஆகவே அங்கே ஓர் ஏழை உழவனின் பேரன்கூட, ஏடு அழியாமல் இருந்தால், நானூறு ஆண்டு முன்னோரைத் தேடிப் பிடித்துவிடலாம்.

நம் தோட்டங்களுக்கு அப்படி ஓர் ஏடு கிடையாது. ஆயினும் படிக்கத் தெரிந்தால் காப்பாரிலும் எழுத்துகள் உண்டு. அவை சாலையோரக் கட்டைக் கற்களிலும், தோட்டத்து வாய்க்கால்களிலும், பள்ளிக்கூடப் பெயர்ப்பலகைகளிலும் எழுதப்பட்டிருக்கின்றன.

முதலில் ஊர்ப்பெயர். தமிழ்க் காதுக்குக் "காப்பார்" என்றதுமே காப்பாற்றுபவர் என்று ஒலிக்கும். இது தற்செயலான ஒற்றுமைதான். மலாய் மொழியில் காப்பார் என்னும் சொல்லுக்கு, ஆற்றிலும் கடலிலும் மிதந்து வந்து ஒதுங்கும் கட்டை, செத்தை, சருகு என்று ஒரு பொருள் உண்டு. மேற்கே மலாக்கா நீரிணை. கரையோரம் சேறும் கண்டல் காடும். அதற்கு உள்ளே நன்னீர்ச் சதுப்புக் காடு. இப்படிப்பட்ட தாழ்ந்த கரைக்கு அந்தச் சொல் பொருந்தித்தான் வருகிறது.

பழைய அரசியல் வரலாற்றில் காப்பாரைவிடக் கிள்ளானே பெரிய பெயர். ஆற்று வாயைப் பிடித்தவன் ஈயத்துக்கு வரி வாங்கலாம் என்பதனால் ராஜா மகாடிக்கும் ராஜா அப்துல்லாவின் தரப்புக்கும் 1867-இல் மூண்ட சண்டை, சிலாங்கூர் முழுவதையும் ஆறேழு ஆண்டு அலைக்கழித்தது. 1874-க்குப் பிறகு பிரிட்டிஷ் ரெசிடெண்டு வந்து உட்கார்ந்ததும் கிள்ளானில்தான். 1880-இல் தலைநகரம் கோலாலம்பூருக்குப் போயிற்று. 1901-இல் ஆற்று முகத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தார்கள். 1972 முதல் அதற்குக் கிள்ளான் துறைமுகம் என்று பெயர். துறைமுகமும் இரயிலும் வந்த பிறகு, பக்கத்து நிலத்தின் மேல் வெள்ளைக்காரர் கண் விழாமல் இருக்குமா?

1890-களில் அவர்கள் கிள்ளான் வட்டாரத்தில் முதலில் போட்டது காப்பிச் செடி. இலங்கையில் நோயால் காப்பி அழிந்து நொந்துபோன தோட்டக்காரர்களும் அதில் உண்டு. அந்த மோகம் பத்தாண்டு நிலைக்கவில்லை. பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையில் குவிந்தது, விலை சரிந்தது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி என்பவர், "கித்தா மரம் வையுங்கள், கித்தா மரம் வையுங்கள்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக் கொண்டிருந்த காலம் அது. அவரைக் கிறுக்கர் என்று சிரித்தவர்கள், காப்பிச் செடிகளுக்கு இடையிலே கித்தாக் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். மோட்டார் வண்டி வந்தது. 1910-ஆம் ஆண்டில் ஒரு இராத்தல் ரப்பர் இலண்டனில் பன்னிரண்டு ஷில்லிங்கையும் தாண்டி விற்றது. சிரித்தவர்கள் சீமான்கள் ஆனார்கள்.

அந்த நாளில் காப்பார்ச் சாலைப் பக்கம் எழுந்த தோட்டங்களில் ஒன்றுதான் வல்லம்புரோசா. இதனை நடத்திய கம்பெனி 1904-இல் ஸ்காட்லாந்தில் தொடங்கப்பட்டது. மிகப் பெரிய இலாபப் பங்கு கொடுத்த ரப்பர்க் கம்பெனிகளில் ஒன்று என்று அக்காலத்தில் அதற்குப் பேர். இத்தாலி நாட்டிலே மலைக்காட்டுக்குள் இதே பெயரில் ஒரு பழைய துறவி மடம் உண்டு. "நிழல் சூழ்ந்த பள்ளத்தாக்கு" என்பது அச்சொல்லின் பொருள். மலையும் இல்லாத, பள்ளத்தாக்கும் இல்லாத, சட்டி போன்ற நிலத்துக்கு அந்தப் பெயர்! ஆனால் நிழலுக்குக் குறைவில்லை. அந்த நிழலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த வல்லம்புரோசாவின் பெயரை உலகெங்கும் கணக்காளர்களும் வரி வழக்கறிஞர்களும் இன்றைக்கும் படிக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? கதை இதுதான். கித்தாக் கன்றை நட்டால் பால் வெட்ட ஏறக்குறைய ஆறு ஆண்டு காத்திருக்க வேண்டும். ஒரு வருடக் கணக்கில் அந்தத் தோட்டத்தில் ஏழில் ஒரு பங்கு நிலத்து மரங்கள்தாம் பால் தந்தன. மற்ற ஆறு பங்கும் இளங்கன்று. ஆனாலும் அந்த நிலத்திலும் களை எடுக்க வேண்டும், பூச்சியைப் பார்க்க வேண்டும், மேற்பார்வை செய்ய வேண்டும். "பால் தராத நிலத்துக்குச் செய்த செலவை வருமானத்திலிருந்து கழிக்கக் கூடாது, ஏழில் ஒரு பங்கைத்தான் கழிக்கலாம்" என்றார் வரி அதிகாரி. கம்பெனி வழக்காடியது. எடின்பரோ நகரத்து உயர் நீதிமன்றம் 1910-இல் கம்பெனியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரே தடவையில் செய்து முடிக்கும் செலவு முதலீட்டைச் சேர்ந்தது. ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகின்ற செலவு வருமானக் கணக்கைச் சேர்ந்தது என்று டனீடன் பிரபு பொதுவாக ஓர் அளவுகோல் வகுத்தார். இந்தியாவிலும் மலேசியாவிலும் வரி வழக்குகளில் இன்றளவும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

திரும்பத் திரும்ப வருகின்ற அந்தச் செலவு எது? களையெடுப்பு. அன்றைய தோட்டங்களில் வெயிலில் குனிந்து புல் வெட்டியவர்களில் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். எடின்பரோ நீதிமன்றத்தில் வாதாடியவர்களுக்கு அவர்களுடைய பெயர் தெரியாது. அவர்களுக்கும் இப்படி ஒரு வழக்கு நடந்தது தெரிந்திருக்காது.

இனி அந்த நிழல். காட்டு நிழலிலே, கறுத்துத் தேங்கிய சதுப்பு நீரிலே முட்டையிட்டு வளரும் ஒரு வகைக் கொசு இந்தக் கரையோரத்தில் உண்டு. அறிவியலார் அதற்கு இட்ட பெயர் அனோபிலிஸ் அம்புரோசஸ். "நிழலைச் சேர்ந்தது" என்று பொருள். வல்லம்புரோசாவில் உள்ள அதே இலத்தீன் சொல்தான்! இந்தக் கொசு மலேரியாக் காய்ச்சலைப் பரப்பியது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோரில் எத்தனையோ பேர் முதல் ஆண்டிலேயே குளிர்காய்ச்சலில் விழுந்து எழுந்திருக்கவில்லை. கித்தாத் தோட்ட வரலாற்றில் முதல் அத்தியாயமே இதுதான். ஆனால் இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

1901-ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் என்னும் இளம் டாக்டர் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தார். கொசுதான் மலேரியாவைச் சுமக்கிறது என்பதை ரோனால்டு ராஸ் இந்தியாவில் செக்கந்திராபாத்தில் கண்டுபிடித்து அப்போது நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. கிள்ளானிலோ நாள்தோறும் பிணம். புதிதாகத் திறந்த துறைமுகத்தை மூடிவிடலாமா என்று பேச்சு எழும்பும் அளவுக்கு நிலைமை முற்றியது. வாட்சன், "மருந்து மட்டும் போதாது, காட்டை வெட்டி நீரை வடியுங்கள்" என்றார். நகரத்தைச் சுற்றியும் துறைமுகத்தைச் சுற்றியும் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. பலன் என்ன தெரியுமா? கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தோர் 1901-இல் 368 பேர். அடுத்த ஆண்டு 59. அதற்கும் அடுத்த ஆண்டு 46. வெறும் மண்வெட்டி செய்த வேலை!

பிறகு வாட்சன் தோட்டங்களுக்குத் திரும்பினார். லயம் லயமாகப் போய்ப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா அடிக்கடி வரும் பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கி வயிறு கட்டி போல் இருக்கும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி வீக்கம் என்று எண்ணினால் அந்தத் தோட்டத்தின் ஆரோக்கியம் தெரிந்துவிடும். காட்டோரத்தில் கட்டிய லயத்துப் பிள்ளைகளுக்கு வீக்கம் மிகுதி. காட்டிலிருந்து அரை மைல் தள்ளிய லயத்தில் குறைவு. கடற்கரைச் சமநிலத் தோட்டங்களில் காடு வெட்டி, நீர் வடித்து, வெயில் பட விட்டதும் காய்ச்சல் தானாகவே குறைந்தது. காப்பார்ப் பக்கத்துக்கு அந்த வகையில் நல்ல காலம். மேட்டு நிலத் தோட்டங்களில் கதை தலைகீழ். அங்கே வேறொரு கொசு. வெயில் படுகின்ற தெளிந்த ஓடையில்தான் அது வளரும். காட்டை வெட்ட வெட்ட அங்கே காய்ச்சல் ஏறியது. ஒரே நோய்க்கு ஓரிடத்தில் மருந்தானது இன்னோரிடத்தில் விஷமானதை வாட்சன் எழுதிய நூலில் விரிவாகக் காணலாம். அந்நூல் 1911-இல் வெளிவந்தது. பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்கவைத்துக் கொய்னா குடிக்கக் கொடுத்த வழக்கமும் அந்தக் காலத்ததுதான். கசப்பில் முகம் சுளித்துக் கொண்டு விழுங்கிய கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருக்கலாம்.

ஆகவே, காப்பாரில் பழஞ்சின்னம் எது என்று என்னைக் கேட்டால் வாய்க்கால்கள் என்பேன். தோட்டத்துக்குத் தோட்டம் நூல் பிடித்தாற்போல் ஓடும் அந்த வாய்க்கால்களைக் கவனித்துப் பாருங்கள். சிறு வாய்க்கால் நடு வாய்க்காலில் விழும். அது பெரிய வாய்க்காலில் விழும். அது ஆற்றிலோ கடலிலோ சேரும். கரையோரம் பெருக்கு வந்தால் கடல் நீர் நிலத்தைவிட உயர்ந்து நிற்கும். அதனால் மண் அணை போட்டு, அதில் தண்ணீர்க் கதவு வைத்தார்கள். வற்றத்தின்போது கதவு திறந்து உள்நீர் வெளியேறும்; பெருக்கின்போது கடல் தள்ள, கதவு மூடிக்கொள்ளும். கதவு ஒன்று பழுதானால் உப்புநீர் ஏறி மரம் கருகிவிடும். நிலக்கரி போல் கறுத்த கரிமண் உள்ள இடங்களில் இன்னொரு தொல்லை. நீர் வடிய வடிய அந்த மண் சுருங்கித் தாழும். மரங்கள் வேர் தெரியச் சாயும். வாய்க்காலை மறுபடியும் ஆழப்படுத்த வேண்டும். முட்டளவு சேற்றில் நின்று மண்ணை வாரிக் கரையில் எறிந்தவர்கள் தமிழரும், ஜாவாக்காரரும், சீனரும். கோட்டை கட்டிய அரசன் தன் பெயரைக் கல்லில் வெட்டிக்கொள்வான். வாய்க்கால் வெட்டியவன் தன் பெயரை எங்கே வெட்டுவது?

ஜாவாக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். காப்பாரிலும் பக்கத்து மேருவிலும் அவர்கள் கம்பம் கம்பமாகக் குடியேறி, தென்னை, பாக்கு, காப்பி, பழ மரங்கள் வைத்துச் சொந்த நிலத்தில் ஊன்றிக் கொண்டார்கள். சீனர்கள் சாலையோரம் கடைவீதி அமைத்தார்கள். நம் மக்கள் தோட்டத்து லயத்தில் இருந்தார்கள். லயம் தோட்டத்தினுடையது, நிலம் கம்பெனியினுடையது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். எழுபது எண்பது ஆண்டு கழித்துத் தோட்டம் விற்கப்பட்டபோது இதுதான் பெரிதாகத் தலைதூக்கியது.

நம்மவர் வந்த விதம் உங்களுக்குத் தெரிந்ததே. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் இங்கே நின்றது. கங்காணி தன் ஊருக்குப் போய் உறவு, சாதி, ஊர்க்காரர் என்று திரட்டி வரும் முறை அதன்பின் ஓங்கியது. இந்திய அரசாங்கம் 1938-இல் தடை போடும்வரை அது ஓடியது. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் பள்ளி என்றது. எப்படிப்பட்ட பள்ளி என்று பல இடங்களில் யாரும் கேட்கவில்லை. ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார் என்ற கணக்கில்தான் பல பள்ளிகள் பிறந்தன. ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில், சில இடங்களில் கோயில் தாழ்வாரத்தில். காப்பாரில் மெதடிஸ்ட் திருச்சபையின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளியும் ஒன்று உண்டு.

1941-ஆம் ஆண்டை இங்கே தாண்டிப் போக முடியாது. ஆணுக்கு நாட்கூலி ஐம்பது, அறுபது காசு. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்குக் கூடுதல். உலகப் போரினால் ரப்பருக்கு நல்ல கிராக்கி. அரிசி விலையும் ஏறியது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் என்ற ஓர் அமைப்பு தோட்டம் தோட்டமாகக் கிளை பரப்பியது. ஒய்.கே. மேனன் அதன் தலைவர். அதன் உயிர்நாடி ஆர்.எச். நாதன். தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றியவர் அவர். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் அன்றைய தோட்ட வாழ்க்கை முழுவதும் கண்முன் வருகிறது. சீனருக்குச் சமமான சம்பளம் வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். கொடுமை செய்யும் கிராணிமாரை நீக்க வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு, நோயாளிக்கு மருந்து. கள்ளுக்கடையை மூட வேண்டும். உறவினர் தோட்டத்துக்குள் வந்து போகத் தடை கூடாது.

இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது தோட்ட வழக்கம். அப்படி இறங்காமல் ஓட்டிப் போக அனுமதி வேண்டும் என்றார்கள். இதிலே காசு ஒன்றும் இல்லை. ஆனாலும் சம்பளக் கோரிக்கையோடு சரிசமமாக இதையும் எழுதினார்கள் பாருங்கள்! என்னைக் கேட்டால், அந்தப் பட்டியலிலேயே மிக நீளமான வரலாறு இந்தச் சிறு வரிக்குள் அடங்கியிருக்கிறது.

1941 மே 5-ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். அதன்மேல் வேலைநிறுத்தம் தீப்போல் பரவியது. ஆயிரக்கணக்கானோர் காட்டுக்குப் போகாமல் நின்றனர். மே மாத நடுவில் சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கைதானவர்கள், தோட்டத்தை விட்டு விரட்டப்பட்டவர்கள் பலர். சுட்டவர்களின் ஆட்சி அதற்கு அப்புறம் எவ்வளவு நாள் நீடித்தது? ஏழே மாதம். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கிவிட்டார்கள்.

ஜப்பானியர் காலத்தைப் பற்றித் தனியாகவே ஒரு பேச்சு வேண்டும். சயாம் மரண இரயிலுக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். போனவர்களில் திரும்பாதவர் ஏராளம். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களும் அதற்கு விலக்கல்ல. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடமாக்கி முள்வேலி போட்டார்கள். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இவை நாடு முழுவதற்கும் பொதுவான கதை. காப்பாருக்கு மட்டும் உரியதன்று என்பதால் இத்துடன் விடுகிறேன்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்த கதைக்கு இந்தச் சாலையே சாட்சி. காப்பாரையும் தாண்டி வடக்கே கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பிரெஞ்சுக்காரர் அன்ரி ஃபொக்கோனியே 1917-இல் நட்டதுதான் நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம். அதற்குப் பெயர் தென்னமரம்! நம் தமிழ்ச் சொல்லேதான். துரையின் வாயில் நுழைந்து, வரைபடத்தில் ஏறி, இன்றுவரை நிற்கிறது. 1960-களுக்குப் பிறகு ரப்பர் விலை தளர, தோட்டம் தோட்டமாகச் செம்பனைக்கு மாறியது. மங்கும், காண்டா வாளியும், ஒட்டுப்பாலும் மெல்ல மறைந்தன. செம்பனைக்கு ரப்பரைப் போல் அத்தனை கை வேண்டாம். லயத்தில் ஆட்கள் குறையத் தொடங்கியது அப்போதே.

1980-களில் ஊரின் தோற்றமே மாறியது. காப்பாரின் கடற்கரையில், தோக் மூடா கம்பத்துப் பக்கம், பெரிய மின் நிலையம் எழும்பிற்று. சிலாங்கூர் சுல்தான் சலாஹுதீன் அப்துல் அசீஸ் ஷாவின் பெயர் அதற்கு. எண்ணெய், எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றை எரிக்கும் பகுதிகளாகப் படிப்படியாக வளர்ந்து, இரண்டாயிரம் மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் தரும் நிலையமாயிற்று. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த லயத்துப் பிள்ளைகள் வளர்ந்து பார்த்தது அந்தப் புகைபோக்கிகளைத்தான். இங்கிலாந்துக் கிராமத்தானுக்குத் தேவாலயக் கோபுரம் எப்படியோ, காப்பார்க்காரருக்கு அந்தப் புகைபோக்கிகள் அப்படி. தொலைவிலிருந்து பார்த்ததும் வீடு நெருங்கிவிட்டது என்று தெரிந்துவிடும்.

அந்த நிலையத்துக்கு எதிர்பாராத விருந்தாளிகளும் உண்டு. நிலக்கரி எரித்த சாம்பலை நீரில் கரைத்துத் தேக்கும் குட்டைகள் அங்கே இருக்கின்றன. சைபீரியப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தப்பித் தெற்கே பறந்து வரும் உள்ளான் இனப் பறவைகள், கடல் வற்றத்தின்போது கரையோரச் சேற்றில் இரை பொறுக்கும். பெருக்கில் சேறு மூழ்கியதும் நிற்க இடம் வேண்டுமல்லவா? இந்தச் சாம்பல் குட்டைகளில் வந்து ஆயிரக்கணக்கில் ஒதுங்கி நின்றன. உலகிலேயே அருகிவிட்ட சில வகைகளும் அவற்றில் உண்டு என்று பறவை ஆய்வாளர்கள் வெளிநாடுகளிலிருந்து வந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்க்காரர் பலருக்கு அது தெரியாது. ஒதுங்குவது என்றால், ஊர்ப்பெயருக்கும் அதுதானே பொருள்!

கடைசியாகத் தோட்டங்களின் கதி. கம்பெனிகள் மலேசியர் கைக்கு மாறின. கிள்ளான் நகரம் பெருக, நிலத்தின் விலை மரத்தின் விலையை விஞ்சியது. சுங்கை காப்பார் என்ற பெயர் இப்போது ஒரு குடியிருப்பின் பெயர். புக்கிட் ராஜா தோட்டத்தின் பெயரில் ஒரு புதுநகரம் இருக்கிறது. மேருவை அடுத்த நார்த் ஹம்மாக் தோட்டம் இருந்த இடத்தில் 2000-களில் எழுந்தது செத்தியா ஆலாம் என்னும் பெரிய நகர். காப்பார் நாடாளுமன்றத் தொகுதியில் 2013-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் 1,44,159 வாக்காளர்கள். நாட்டிலேயே மிகுதியான வாக்காளர் கொண்ட தொகுதி அப்போது அதுதான். சதுப்புக் காடு நூறு ஆண்டில் கண்ட மாற்றம் இது.

லயத்தில் மூன்று தலைமுறை இருந்தவர்களுக்கு அந்த நிலத்தில் ஓரடியும் எழுத்தில் இல்லை. தோட்டம் விற்ற இடங்களில் சிலருக்கு மாற்று வீடு கிடைத்தது. சிலர் நெடுநாள் போராடிப் பெற்றார்கள். சிலர் கிடைத்த ஈட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு கிள்ளான், மேரு, ஷா ஆலம் என்று வாடகை வீட்டுக்குப் போனார்கள். சிறு கோயில்கள் இடம் பெயர்ந்தன. இடுகாடுகள் புல் மூடின. லயம் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால், "அந்த வேப்பமரம் நின்ற பக்கம்" என்பார் ஒரு பெரியவர். வேப்பமரமும் இராது.

தோட்டத்தின் பெயர் மட்டும் இரண்டு இடங்களில் பிழைத்திருக்கிறது. ஒன்று, உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் பழைய பிறப்புப் பத்திரம். பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கும்; சில பத்திரங்களில் எழுத்து மாறி, ஓசை திரிந்து இருக்கும். பாட்டி எந்தத் தோட்டத்தில் பிறந்தார், தாத்தா எங்கிருந்து மாறி வந்தார் என்பதை அந்தத் தாளை வைத்துத்தான் சொல்ல முடியும். குடியுரிமைக்கு மனுப் போட்டு அலைந்த குடும்பங்களுக்கு அந்த ஒரு வரியின் மதிப்பு நன்றாகத் தெரியும். தாளை நனையாமல் வையுங்கள்; பெரியவர்கள் இருக்கும்போதே அதில் உள்ள தோட்டம் எந்தக் கட்டையில், எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பள்ளிக்கூடம். வல்லம்புரோசா தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஜாலான் அக்கோப் தோட்டத் தமிழ்ப்பள்ளி, புக்கிட் ராஜா தோட்டத் தமிழ்ப்பள்ளி. நார்த் ஹம்மாக் தோட்டத் தமிழ்ப்பள்ளி புதுநகரத்தின் நடுவே, புதுக் கட்டடத்தில், பழைய பெயருடனேயே நடக்கிறது. பெயர்ப்பலகையில் "லாடாங்" என்ற சொல் அப்படியே இருக்கிறது. காலையில் அந்தப் பலகைக்குக் கீழே பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளைகளில் பலர், பால்மரம் ஒன்றை அருகில் நின்று பார்த்ததில்லை.